ஓனர் சொல்லட்டும்

என் அண்ணனுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் வைத்த பெயர் ஈரல். முதலாம் ஆண்டு வாய்மொழித் தேர்வில், துணி போட்டு மூடிய தட்டுக்குள் கையை விட்டு, உள்ளே இருப்பது என்ன உறுப்பு என்று தொட்டே சொல்ல வேண்டும். மற்றவர்கள் பெயரைச் சொல்லிவிட்டுத் தப்பித்தோம் பிழைத்தோம் என்று வெளியே ஓடிவந்தார்கள். இவன் மட்டும், "ஈரல். ஆட்டோடது. வயசான ஆடு. ஒரு ஓரம் தடிச்சிருக்கு, உள்ள புழு இருந்திருக்கும்" என்று பேசிக்கொண்டே போனான். துணியை விலக்கிப் பார்த்த பேராசிரியருக்கே அந்தப் புழுச் சங்கதி அப்போதுதான் தெரிந்ததாம். அன்று மாலைக்குள் விடுதி முழுக்க அவன் ஈரலாகிவிட்டான். இருபத்தாறு வருடம் கழித்து, இறைச்சிக்கூடத்தில் தோல் உரிக்கிறவர்கள்கூட, காரணம் தெரியாமலேயே, "ஈரல் சார் வந்துட்டாரு" என்றுதான் சொன்னார்கள்.

அவன் சேர்ந்து ஐந்து வருடம் கழித்து அதே கல்லூரியில் தங்கை நானும் சேர்ந்தேன். அவன் குறிப்பேடுகள், அவன் எலும்புப் பெட்டி, அவன் வெள்ளைக் கோட்டு எல்லாம் எனக்கு வந்தன. கோட்டின் கை நீளத்தை அம்மா மடித்துத் தைத்துக் கொடுத்தாள். அவன் வகுப்பில் படித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தார்கள். ஒருவர் கோழிப்பண்ணை நிறுவனத்தில், ஒருவர் ராணுவக் குதிரைகளோடு, ஒருவர் உயிரியல் பூங்காவில், இரண்டு பேர் தடுப்பூசி ஆய்வகத்தில். மருந்துக் கம்பெனிக்குப் போனவர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா அவரை மாப்பிள்ளை மாதிரி உபசரித்தாள். அண்ணன் எடுத்துக்கொண்டது யாரும் விண்ணப்பிக்காத வேலை. நகராட்சி இறைச்சிக்கூடத்தில் ஆய்வு மருத்துவர்.

"டாக்டருக்குப் படிச்சிட்டுக் கசாப்புக்கடையில போய் நிக்கிறானே" என்று பெரியப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

"நான் வெட்டறதில்ல பெரியப்பா. வெட்டினதைத் திரும்ப வெட்டிப் பாக்கறேன்" என்றான் அண்ணன்.

"அது இன்னும் மோசம்டா!"

காலை நாலரை மணிக்கு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கூடத்தின் வாசலில் நிற்பான். லாரியில் இருந்து ஆடுமாடுகள் இறங்கி நடந்து வருவதை ஒவ்வொன்றாகப் பார்ப்பான். தலையைத் தொங்கவிட்டிருப்பது, ஒரு காலைத் தாங்கி நடப்பது, கூட்டத்தைவிட்டு ஒதுங்கி நிற்பது என்று ஏதாவது கண்ணில் பட்டால் அதைத் தனியாகக் கட்டச் சொல்வான். பிறகு உள்ளே, கொக்கியில் தொங்குகிற ஒவ்வொரு உடலிலும் தாடைக்குக் கீழே, நுரையீரலுக்கு நடுவே, குடலின் மடிப்பில் இருக்கிற நெறிக்கட்டிகளைத் தேடிப் பிடித்து, மெல்லிய வில்லைகளாகக் கீறிப் பார்ப்பான். சுத்தமாக இருந்தால் ஊதா முத்திரை. இல்லையென்றால் புதைகுழி. "தொட்டுப் பாக்கறது பாதி வேலைதான். கீறிப் பாக்காம முத்திரை வெச்சா அது முத்திரை இல்ல, பொய்" என்பான்.

நான் நாய், பூனைகளுக்கான கிளினிக் வைத்தேன். என் நோயாளிகளுக்குப் பெயர் இருந்தது, பிறந்தநாள் இருந்தது, ஒரு பூனைக்குக் குடும்பப் பெயர்கூட இருந்தது. அவர்களின் எஜமானர்கள் பேச்சுவாக்கில் என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், அண்ணன் பொதுச் சுகாதாரத்தில் இருக்கிறார் என்று சொல்வேன். பொய்யில்லை. ஆனால் இறைச்சிக்கூடம் என்ற சொல்லை அந்த அறைக்குள் நான் ஒருமுறையும் சொன்னதில்லை.

அவன் மகளும் கால்நடை மருத்துவத்தில்தான் சேர்ந்தாள். அவள் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, கல்லூரியில் பழைய மாணவர்களை அழைத்து, இந்தப் படிப்பை முடித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று பேசவைக்கும் நிகழ்ச்சிக்கு அவனைக் கூப்பிட்டார்கள். அதுவரை அந்த மேடையில் ஏறியவர்கள் எல்லாம் யானைக்கு மயக்க ஊசி போட்டவர்கள், பந்தயக் குதிரைக்கு எலும்பு சேர்த்தவர்கள். இறைச்சிக்கூடத்தில் இருந்து ஒருவரைக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. அழைப்புக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தான்.

நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணியோடு என் கிளினிக்குக்கு வந்தான். சட்டையின் மேல் பட்டனைப் போட முடியவில்லை. கழுத்தின் இடது பக்கம், தாடைக்குக் கீழே, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு கட்டி.

"கல்யாண மாப்பிள்ளை கணக்கா ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நிக்கிறார்" என்றாள் அண்ணி. "அப்பத்தான் இது கண்ணுல பட்டுச்சு. மனுஷ டாக்டர்கிட்ட போங்கன்னா, வீட்டுலயே டாக்டர் இருக்கும்போது எதுக்குங்கிறார்."

"மேசை மேல ஏறு" என்றேன்.

அண்ணன் நிஜமாகவே நாய்களைப் பரிசோதிக்கும் இரும்பு மேசையில் ஏறி உட்கார்ந்தான். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். கட்டி நகர்ந்தது. வலி இல்லை. வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். தினமும் நூறு முறை அவன் கத்தி போகிற இடம் அது.

"எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டேன்.

அண்ணன் வாயைத் திறந்தான். "இல்ல, அது மட்டும் இல்ல, கொஞ்ச நாளா எனக்கு..." என்று ஆரம்பித்தான்.

"மாடு பேசாது. ஓனர் சொல்லட்டும்" என்றேன் நான்.

எங்கள் படிப்பில் முதல் வருடத்தில் இருந்து சொல்லப்படுகிற நகைச்சுவை அது. எங்கள் நோயாளிகள் வாயில்லா ஜீவன்கள். அவர்களிடம் எதையும் கேட்க முடியாது, கொண்டுவந்தவரைத்தான் கேட்க வேண்டும். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஓனர் நான்தான்! நல்லா சாப்பிடுறார். நல்லா தூங்கறார். சொன்ன பேச்சு மட்டும் கேக்கறதில்ல."

"கடிக்கிற பழக்கம் உண்டா?"

"குரைக்கிறதோட சரி."

அண்ணனும் சிரித்தான். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

"பல்லுல ஏதாவது இருக்கும். அந்த வழியாத்தான் நெறி கட்டியிருக்கு" என்றேன்.

"பத்து நாள்ல கரையுமா? பட்டன் போடணும்."

அலமாரியைத் திறந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். ஒன்று கிருமிக்கொல்லி. இன்னொன்று ஸ்டீராய்டு. அட்டையின் பின்புறம் ஒரு நாயின் படம் இருந்தது. நாய்க்கும் மனிதனுக்கும் மருந்து ஒன்றுதான், அளவுதான் வேறு. எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் வீடுகளில் இது சாதாரணம். காய்ச்சலுக்கும் சிரங்குக்கும் நாங்களே பார்த்துக்கொள்வோம்.

ஆனால் இது சிரங்கு அல்ல. காரணம் தெரியாத கட்டியோடு வருகிற நாய்க்கு, ஊசியால் மாதிரி எடுத்துப் பார்க்காமல் நான் ஸ்டீராய்டு கொடுத்ததே இல்லை. அது சில வகைப் புற்றுக்கட்டிகளையும் கரைத்துக் காட்டும். கொஞ்ச நாளைக்குத்தான். பிறகு மாதிரி எடுத்தாலும் ஒன்றும் புலப்படாமல் போகலாம். என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் நான் முதல் நாளே சொல்கிற விஷயம் இது. அன்று அது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் யாராவது நம்பக்கூடும். நினைவுக்கு வந்தது. இவனுக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இருக்காது என்று அதை ஒதுக்கிவைத்தேன். இவன் என் அண்ணன் என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் என்னிடம் இல்லை.

கட்டி ஐந்தே நாளில் கரைந்தது. பட்டன் போட முடிந்தது.

அவன் பேசிய அன்று நான் முதல் வரிசையில் இருந்தேன். யானையும் குதிரையும் பேசி முடித்த பிறகு கடைசியாக ஏறினான். மைக்கை இரண்டு தரம் தட்டினான்.

"எனக்கு முன்னாடி பேசினவங்ககிட்ட எல்லாம் நோயாளியோட போட்டோ இருந்துச்சு. என் நோயாளி போட்டோவை நான் காட்டினா நீங்க மதியம் சாப்பிட மாட்டீங்க" என்றதும் அரங்கம் சிரித்தது. பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்து, உயிரைக் காப்பாற்றப் படித்துவிட்டு இந்த வேலை செய்வது கஷ்டமாக இல்லையா என்று கேட்டாள்.

"நீங்க ஆட்டைப் பாத்துக் கேக்கறீங்க. என் நோயாளி ஆடு இல்லம்மா. அதை வாங்கிட்டுப் போய்ச் சமைக்கிற வீட்டுல நாலு பேர் இருக்காங்க இல்ல, அவங்கதான். அவங்க என்னைப் பாத்ததே இல்ல. வயிறு கெடாம தூங்கிட்டாங்கன்னா நான் வேலை செஞ்சேன்னு அர்த்தம்."

கை தட்டினார்கள். அவன் மகள் எல்லோரையும்விட அதிக நேரம் தட்டினாள். நானும் தட்டினேன், அவன் கழுத்தைப் பார்த்துக்கொண்டே. என்ன அழகாக வற்றியிருக்கிறது என்று பெருமைப்பட்டேன்.

ஆறு வாரத்தில் கட்டி திரும்பி வந்தது. இந்த முறை இரண்டு. நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அண்ணி சமையலறையில் இருக்கிற நேரம் பார்த்து, "போன தடவை கொடுத்தியே, அதையே இன்னொரு அட்டை கொடேன்" என்றான்.

"மாதிரி எடுத்துப் பாத்துடலாமா?" என்றேன். கேட்டேன் என்பதற்காக என்னை நல்லவளாக நினைக்க முடியாது. கேட்ட குரலிலேயே வேண்டாம் என்ற பதிலையும் சேர்த்துக் கேட்டிருந்தேன்.

"மாட்டுல பாத்திருந்தா இந்நேரம் கீறியிருப்பேன்" என்று சிரித்தான். "என் கழுத்துன்னா கை வரமாட்டேங்குது. கொடு, பாத்துக்கலாம்."

கொடுத்தேன்.

கட்டி மூன்றாவது முறை வந்தபோது அவன் எதுவும் கேட்கவில்லை. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தான். அதைப் பார்த்த அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். முதல் கட்டியைத் தொட்ட நாளில் இருந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

புற்றுநோய் மருத்துவர் என்னைவிட இளையவர். அண்ணனைத் தனக்கு நேர் எதிரே உட்காரவைத்தார். கழுத்தைத் தொடுவதற்கு முன்பு பேச ஆரம்பித்தார். எப்போது முதலில் பார்த்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், காய்ச்சல் வருகிறதா, அரிக்கிறதா. ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லப் போனேன். அவர் கையை லேசாக உயர்த்தினார். "அவரே சொல்லட்டும்."

"ராத்திரியில வேர்க்குதா?"

"வேர்க்கும்" என்றான் அண்ணன். "ஆறு மாசமா. சட்டை பிழியற அளவுக்கு நனையும். எழுந்து மாத்திக்குவேன்."

அண்ணி அவன் பக்கம் திரும்பினாள். "ஒரே கட்டில்ல படுத்திருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"உன்னை எழுப்ப வேண்டாம்னுதான். இவகிட்ட ஒரு தடவை சொல்ல வந்தேன்." என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். "மாடு பேசாதுன்னுட்டா."

அண்ணிகூடச் சிரித்துவிட்டாள். மருத்துவருக்குப் புரியவில்லை. கட்டியோடு ராத்திரி வேர்வை என்று அன்று அவன் சொல்லி முடித்திருந்தால், நான் அலமாரிப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

"ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் மருத்துவர்.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்ல டாக்டர்" என்றான்.

கேள்வி எனக்கும் கேட்டது. பதில் பொய் என்று அந்த அறையில் அவனைத் தவிரத் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.

கட்டியில் இருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அண்ணி மருந்துச் சீட்டு வாங்கப் போனதும், தாழ்வாரத்து பெஞ்சில் அவனைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் அப்படிச் சொன்னே?"

"வாசல்ல போர்டு வெச்சிருக்கே. மனுஷனுக்கு மாத்திரை கொடுத்தேன்னு ஃபைல்ல ஏறினா அந்தப் போர்டு நிக்குமா?"

"நான் போய்ச் சொல்லிடறேன்."

"எடுத்த சதைக்கு ரிசல்ட் வரட்டும், குட்டி. தெளிவா வந்துட்டா சொல்லவே தேவையில்ல."

அவன் சொன்னதால் காத்திருந்தேன் என்று அண்மைக் காலம்வரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சொல்லாவிட்டாலும் காத்திருந்திருப்பேன். பன்னிரண்டு நாள் கிளினிக் திறந்தேன், தடுப்பூசி போட்டேன், காது கழுவினேன். பன்னிரண்டாவது நாள் முடிவு வந்தது. தெளிவாக இல்லை, சதையைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

அன்று பிற்பகல் தனியாகப் போய் மருத்துவரிடம் சொன்னேன். இரண்டு தடவை கொடுத்ததையும், எத்தனை நாளைக்கு, என்ன அளவு என்பதையும் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"ஒரு நாய்க்கு இப்படிக் கொடுப்பீங்களா?"

"மாட்டேன்."

மறுபடி பேனாவை எடுத்து எல்லாவற்றையும் எழுதினார். திட்டவில்லை. அதனால் என்ன நஷ்டம் என்று நான்தான் கேட்டேன். "யாராலயும் சொல்ல முடியாது. முதல்லயே வந்திருந்தாலும் இது முரட்டு வகையாத்தான் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமலே விட்டிருக்கலாம். நேர்மையான மனிதர், சொன்னார்.

நோயின் பெயர் உறுதியாகி மருந்து ஏறத் தொடங்க மேலும் மூன்று வாரம் ஆனது. நாலு சுற்று மருந்து தாங்கினான். ஐந்தாவதற்கு அவன் இல்லை. கடைசி வாரம் அவனைப் பார்க்க இறைச்சிக்கூடத்தில் இருந்து பதினோரு பேர் வந்தார்கள். எல்லோரும் குளித்துச் சட்டை மாற்றி வந்து, அறைக்கு வெளியே சுவரோரமாக, எதையும் தொடாமல் நின்றார்கள். என் கிளினிக்கில் அவர்களைப் பற்றிப் பேசாத நான்தான் ஒவ்வொருவராக உள்ளே அழைத்துப் போனேன்.

அதற்குப் பிறகு ஆறு மாதம், ஞாயிறுதோறும் அண்ணி வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் அண்ணி அதையே சொல்வாள். "ஓனர் ஓனர்னு பெருசா சொன்னேனே. நல்லா சாப்பிடுறார், நல்லா தூங்கறார்னு நான்தானே உனக்குத் தப்பா சொன்னேன். பக்கத்துல படுத்திருந்தும் தெரியல பாரு எனக்கு." நான் ஒவ்வொரு முறையும், "யார் மேலயும் தப்பில்ல அண்ணி" என்பேன். மாத்திரை என்றால் பல்வலிக்கான கிருமிக்கொல்லி என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

போன ஞாயிறு மத்தியானம் அண்ணி மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே அண்ணன் மகள் புத்தகங்களைப் பரப்பியிருந்தாள். மறுநாள் அவளுக்குத் தேர்வு.

"அத்தை, ஒரு கேள்வி. போன வருஷம் வந்தது, இந்த வருஷமும் வரும்ங்கிறாங்க. கட்டியோட வர்ற நாய்க்கு மாதிரி எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டீராய்டு ஏன் கொடுக்கக் கூடாது?"

பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். கட்டி கரையும், குணமான மாதிரி இருக்கும், சதையில ஒன்னும் தெரியாது, அதுக்குள்ள நோய் முத்திடும். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். அண்ணி வெங்காயத்தை உரித்தபடி, "அப்படிக்கூட யாராவது டாக்டர் கொடுப்பாங்களா?" என்றாள்.

"நான் கொடுத்தேன் அண்ணி" என்றேன். "அண்ணனுக்கு. ரெண்டு தடவை."

அண்ணன் மகளின் பேனா நின்றது. நான் நிறுத்தவில்லை. நாய்ப்படம் போட்ட அட்டை, அவள் சமையலறையில் இருந்தபோது அவன் கேட்டு வாங்கிய இன்னொரு அட்டை, ஆஸ்பத்திரியில் அவன் சொன்ன பொய், என் பன்னிரண்டு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அண்ணி பேசினாள்.

"நான் ஆறு மாசமா தூங்கல. தூங்கலன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் அண்ணி."

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இந்த நாற்காலியில உக்காந்து கேட்டுட்டுப் போனே."

"ஆமா."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் மூடவில்லை. "இன்னிக்குப் போயிடு. நானா கூப்பிட்டா வா" என்று உள்ளே இருந்தே சொன்னாள்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் மகள் நோட்டோடு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. குரல் சிவக்கவில்லை.

"கேள்வியில இன்னொரு பாதி இருக்கு அத்தை. அதையும் சொல்லிட்டுப் போங்க. தெரியாம கொடுத்துட்டா, அப்புறம் டாக்டர் என்ன செய்யணும்?"

"மாதிரி எடுக்கிறவங்ககிட்ட சொல்லணும்" என்றேன். "என்ன மருந்து, எத்தனை நாள், எவ்வளவு. ஒன்னையும் மறைக்காம."

"எப்போ?"

"அன்னிக்கே."

தலையை நிமிர்த்தாமல் எழுதினாள். எழுதியதன் கீழே ஒரு கோடு போட்டாள். பிறகு கதவைச் சாத்தினாள்.